மேட்டுத்தெருவ இழுத்த பட்டாணி

சாத்தூர்ல மேட்டுத்தெருன்னு ஒரு தெரு. மொனையில பள்ளம், கடைசியில மேடு. மொனையில சேர்மக்கனி அண்ணாச்சியோட சேவுக்கடை, கடைசியில எங்க வீடு. ஒரு வெள்ளிக்கிழம காலையில எங்க அம்மா சந்தைக்குப் போயிட்டு வாறப்ப அண்ணாச்சி கடை வாசல்ல பை பிஞ்சு ஒரு எலுமிச்சம்பழம் கீழ விழுந்துச்சு. விழுந்த பழம் பள்ளத்துப் பக்கம் ஓடாம மேட்டப் பாத்து உருண்டுச்சு, கோலத்த அழிக்காம ஓரமா ஒதுங்கி, சாக்கடக் கல்லுல ஒரு தட்டுத் தட்டி எந்திரிச்சு, சைக்கிளுக்கு வழி விட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலா விசாரிச்சிட்டுப் போற மாதிரி மெல்ல மெல்ல ஏறி, எங்க வீட்டுப் படியில படுத்திருந்த பட்டாணியோட வயித்துல போய் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பின்னாடியே மூச்சு வாங்க வந்த அம்மா என்னப் பாத்து, "அடிச்சாம்பாரு கனி, தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் அங்கயே கீழ போட்ருப்பேன், கை வலி மிச்சம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

எனக்குத்தான் திக்குன்னுச்சு.

பட்டாணி எங்க நாய். மினி பின்சர்னு ஒரு வகை. எங்க தெருவுல அந்தப் பேரு யார் வாயிலயும் நொழையல, மான்குட்டி நாய்னு சொல்லிட்டாக. நெசமாவே மான்குட்டிதான்! ஒரு முயல் அளவு ஒடம்பு, தீக்குச்சி மாதிரி காலு, எந்நேரமும் வெறச்சு நிக்கிற காது, அந்தச் சின்ன ஒடம்புக்குள்ள சிவகாசில செய்யிற அத்தன வெடியையும் அடச்சுத் திரியக் கொளுத்தி விட்ட மாதிரி ஒரு துடிப்பு. தண்ணி வர்ற அன்னைக்கு அதப் பாக்கணும். வாரத்துக்கு ஒருக்கா நகராட்சித் தண்ணி தொறப்பாக, மொனையில இருக்கவுகளுக்குக் கொட்டும், நடுவுல இருக்கவுகளுக்கு ஒழுகும், மேட்டுல இருக்க எங்களுக்குக் காத்துதான் வரும். கொழாயத் தொறந்தா உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். அந்த உஸ்ஸுக்கு பட்டாணி எம்பும் பாருங்க, கொழாய் உயரத்துக்கு, எஸ்தர் அக்கா இடுப்பு உயரத்துக்கு, ஒரு தடவ எஸ்தர் அக்கா கொண்டை உயரத்துக்கு!

எஸ்தர் அக்கா பக்கத்து வீடு. இட்லி மாவு ஆட்டி விக்கிறாக. அரிசி களைய, உளுந்து ஊற, கிரைண்டர் கழுவ, எல்லாத்துக்கும் மொனைக்குப் போயி இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு ரெண்டு கொடம் வச்சு மேடு ஏறி வருவாக. கொழாய் உஸ்ஸுங்கறப்ப, "காத்துல மாவாட்டி காத்துல இட்லி சுட்டு காத்தையே திங்கட்டும் நகராட்சி"ன்னு வைவாக. பட்டாணி எம்புனா மட்டும் சிரிச்சிருவாக.

இப்ப நடந்தது என்னன்னா, எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. சேவுக்கடைய யாரும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. கடைக்காரர் ஒரு கை அள்ளி நீட்டுவாரு, நீங்க வாங்கி வாயில போட்டு, மென்னு, யோசிச்சு, "உப்பு சரியா இருக்கு"ன்னு சொல்லணும். சொல்லாமப் போனா அன்னைக்கு அவருக்குத் தூக்கம் வராது. பட்டாணியும் சாத்தூர் நாய்தான? கடை முன்னாடி பின்னங்கால்ல நின்னு ஒரு சுத்துச் சுத்தும், அண்ணாச்சி ஒரே ஒரு சேவ ஒடிச்சுப் போடுவாரு, தின்னுட்டுத் தலைய ஆட்டும், "பாத்தீகளா, உப்பு சரியா இருக்குங்குது"ன்னு அவருக்குப் பூரிப்பு தாங்காது. அங்கருந்து அடுத்த வீடு, அங்க பால்ல நனச்ச வர்க்கி ஒரே ஒரு துண்டு. அடுத்த வீட்ல கருவாட்டுத் தலை ஒண்ணே ஒண்ணு. கொத்தனார் முத்துராசு அண்ணன் வீட்ல முட்டையில மஞ்சக்கரு மட்டும். எஸ்தர் அக்கா வீட்ல தோசையோட மொறுமொறு விளிம்பு. எங்க அம்மா கையால தயிர்ச்சோறு ஒரே ஒரு உருண்டை. எல்லாரும் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாக, சத்தியமா அதுல பொய்யே கெடையாது, எல்லாரும் நாம மட்டுந்தான் குடுக்கோம்னு நெனச்சாக.

ஒடம்பு ஒண்ணும் பெருசாயிறல. இடுப்புன்னு ஒரு வளைவு இருந்துச்சு, அது காணாமப் போயி பீப்பா மாதிரி ஆச்சு, அவ்ளோதான். ஆனா கனம்! மொதல்ல தூக்குனா கை வலிச்சுச்சு, அப்பறம் தூக்கவே முடியல, அப்பறம் அது படுக்குற படிக்கல்லு நடுவுல விரிசல் விட்டுச்சு, அப்பறம்தான் அந்த எலுமிச்சம்பழம்.

பழத்துக்குப் பின்னாடி ஒண்ணொண்ணா வந்துச்சு. கோலிக்குண்டு வந்துச்சு, பம்பரம் வந்துச்சு, பொடிசுக வெளயாடுற ரப்பர் பந்து வந்துச்சு, யார் வீட்டுத் தேங்காயோ சாயங்காலம் தனியா வந்து வாசல்ல நின்னுச்சு. அண்ணாச்சி கடைச் சட்டியில எண்ணெ எங்க வீட்டுப் பக்கமா சாஞ்சு கொதிச்சுச்சு, அவரு அடுப்புக்கு அடியில ஒரு ஓட்டுத்துண்ட வச்சு சரி பண்ணிட்டு சேவு பிழிஞ்சாரு. எல்லா வீட்லயும் கட்டில் காலுக்குச் செங்கல் வச்சாக. முத்துராசு அண்ணன் செவுத்துக்கு நேர் பாக்கத் தூக்குக்குண்டப் பிடிச்சா அது நேரா தொங்காம எங்க வீட்டக் கைகாட்டுச்சு, "இனிமே இந்தத் தெருவுல செவுரு எழுப்புனா நாய் எங்க படுத்திருக்குன்னு கேட்டுட்டுத்தான் எழுப்பணும்"னாரு, சொல்லிட்டு அப்டியே எழுப்பவும் செஞ்சாரு. கேஸ் சிலிண்டர் போடுறவரு மொனையில நின்னு சிலிண்டரப் படுக்க வச்சு மெல்ல ஒரு தள்ளுத் தள்ளுவாரு, அது உருண்டு ஏறி எங்களுக்கு வந்துரும். விருந்தாளிக சொகமா வந்துருவாக, திரும்பிப் போறதுதான் மல்லுக்கட்டு, அதுக்காகவே ரெண்டு வேளை கூடத் தங்குனாக. யாரும் இது எப்படின்னு கேக்கல. மழ வந்தா கொடை பிடிக்கிற மாதிரி, நாய் கனத்தா செங்கல் வைக்கணும், அவ்ளோதான்.

அதுக்கப்பறந்தான் தண்ணி வந்துச்சு.

தண்ணி தொறந்த அன்னைக்கு எஸ்தர் அக்கா வழக்கம்போல வைய வாயத் தொறந்துக்கிட்டே கொழாயத் தொறந்தாக. உஸ்ஸுங்கல. ஒரு விக்கல் விக்குச்சு, இன்னொரு விக்கல், அப்பறம் செவசெவன்னு துருத் தண்ணி, அப்பறம் கண்ணாடி மாதிரி தண்ணி, கொடம் ரொம்பி, அண்டா ரொம்பி, நீல டிரம்மு ரொம்பி வாசல்ல வழிஞ்சு ஓடுச்சு. தெருவே பட்டாணியப் பாத்துச் சாஞ்சு கெடக்கு, தண்ணிக்கு மட்டும் வேற புத்தியா இருக்கும்? எஸ்தர் அக்கா ரெண்டு கையையும் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா நின்னாக. அப்பறம் உள்ள போயி ஒரு முழு தோசையக் கொண்டாந்து, நெய் தடவி, பட்டாணி முன்னாடி வச்சு, "தின்னு தாயீ"ன்னாக.

விளிம்பு இல்ல. முழு தோசை.

மேட்டுக்குத் தண்ணி வந்தா மொனைக்கு எங்கருந்து வரும்? மொனைக் கொழாய்ல உஸ்ஸுன்னுச்சு. சண்ட வந்துச்சு. பிள்ளையார் கோயில் முன்னாடி தெருக் கூட்டம் போட்டாக, "இத்தன வருசம் நாங்க காத்தக் குடிச்சோம்ல"ன்னு இவுக, "அதுக்குன்னு நாய வச்சு இழுப்பீகளா"ன்னு அவுக. கடைசியில முறை வச்சாக. பட்டாணிய ஒரு காய்கறி வண்டியில ஏத்தி முறைக்கு ஒரு வீடாக் கொண்டுபோயி விடுறது, எந்த வீட்டு முறையோ அந்தப் பக்கம் தெரு சாயும், தண்ணி அங்க போகும். எனக்குக்கூட அன்னைக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா முறைக்கு வந்த விருந்தாளிய யாராச்சும் பட்டினி போடுவாகளா? அதுவும் கனம் கூடுனா தண்ணி வேகமா வருதுன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம்? ஒரு வீட்ல அதிரசம், ஒரு வீட்ல ஈரல், ஒரு வீட்ல பால்கோவா. வண்டிச் சக்கரம் ரோட்டுல தடம் போட ஆரம்பிச்சுச்சு.

பட்டாணி எம்புறத நிறுத்திருச்சு. அது இருக்க வீட்டுக் கொழாயில உஸ்ஸுங்கறது இல்ல, அதனாலன்னு மொதல்ல நெனச்சேன். ஒரு மத்தியானம் நான் வேணும்னே வாயால உஸ்ஸ்ஸ்னேன். காது ரெண்டும் வெறச்சுச்சு. கண்ணு பளபளன்னுச்சு. முன்னங்கால் ரெண்டையும் தூக்கப் பாத்துச்சு, தூக்க முடியல, என்னைப் பாத்துச்சு, மறுபடி தூக்கப் பாத்துச்சு, அப்டியே தாடைய தரையில வச்சுருச்சு. மூச்சு மட்டும் ஓடிட்டு வந்த மாதிரி வாங்குது. அது ஓடி மாசம் ஆச்சு.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், குட்டியானை லோடு வண்டி பிடிச்சு. ஒரு முயலளவு நாய்க்குக் குட்டியானையான்னு டிரைவர் சிரிச்சாரு, ஏத்துனதும் பின் டயரு ரெண்டும் பப்படமா அமுங்குச்சு, அப்பறம் ஆஸ்பத்திரி வரைக்கும் பேசவே இல்ல.

கால்நடை டாக்டர் நஸ்ரின் மேடம் பாத்ததும், "மேசையில வேணாம்மா, மேசை புதுசு"ன்னு சொல்லிட்டு அவங்களே தரையில உக்காந்துட்டாங்க.

"கைய மூடு"ன்னாங்க. மூடுனேன். "முட்டியத் தடவு. எலும்பு துருத்துதா? நாயோட விலாவத் தடவுனா இப்டி இருந்தா அது பட்டினி. இப்ப விரல நீட்டி, கையோட பின்பக்கத்தத் தடவு. மேல லேசாத் தோலு, அடியில எலும்பு தெரியுதுல்ல? இப்டித்தான் இருக்கணும். இப்பத் திருப்பி உள்ளங்கையத் தடவு. எலும்பு எங்கன்னு தேடணும். இதான் உன் பட்டாணி."

"மேடம், நாங்க அதிகமாவே குடுக்க மாட்டோம். ஒரே ஒரு…"

"எத்தன வீட்ல?"

நான் விரல் விட்டு எண்ணுனேன். ரெண்டு கை விரலும் பத்தல.

"கனம் தாங்காம தெரு சாயிறது பத்தி எனக்குத் தெரியாதும்மா, அது இன்ஜினியர் வேல. இதோட இதயம் ஒரு சுண்டக்கா அளவு. அது ஒரு தெருவையே இழுத்துக்கிட்டு இருக்கு. எத்தன நாளைக்கு இழுக்கும்?" அப்பறம் கொஞ்சம் எறங்குன கொரல்ல சொன்னாங்க: "சட்டுன்னு பட்டினி போட்றாத, அது வேற வம்பு. காலையில ஒரு காப்பி டம்ளரு சோறு, சாயங்காலம் ஒரு காப்பி டம்ளரு, விளிம்புக்கு மேல நிக்காம தலை தட்டி. நடுவுல கேட்டா உங்க ஊரு வெள்ளரிக்கா இருக்கே, அதுல ஒரு வில்லை. மெல்ல நடக்க வை. வேற யார் கையும் அது வாய்க்குப் போகக் கூடாது."

யார் கையும்! சாத்தூர்ல!

நான் வீடு வீடாப் போயி சொன்னேன், அழுது சொன்னேன். எல்லாரும் பதறிப் போயிட்டாக. அண்ணாச்சி இருக்கன்குடி மாரி மேல சத்தியம் பண்ணாரு. எஸ்தர் அக்கா பைபிள் மேல கை வச்சாக. முத்துராசு அண்ணன் அவரு தூக்குக்குண்டு மேலயே கை வச்சாரு. நான் டம்ளர்ல தலை தட்டிப் போட்டேன், வெள்ளரிக்காவ வில்லை போட்டேன், வாரம் போச்சு, பட்டாணி கனத்துக்கிட்டேதான் போச்சு. ஏன்னா சத்தியம் பண்ண எல்லாரும் மனசுக்குள்ள ஒண்ணு நெனச்சாக, மத்த எல்லாரும்தான் நிறுத்திட்டாகல்ல, பாவம், நாம ஒரே ஒண்ணு போட்டா என்ன?

ஒருநா எஸ்தர் அக்கா கையும் தோசையுமா மாட்டுனாக. நெய் மணக்குது.

"அக்கா! பைபிள் மேல கை வச்சீகளே!"

"வச்சேன். கர்த்தருக்குத் தெரியும் என் பாடு."

"அது செத்துப் போயிரும்க்கா."

"ஏ கனி." தோசைய முந்தானையில மறைக்கக்கூட இல்ல. "ஒன் நாயி எடை கூடிருச்சுன்னு ஊரக் கூட்டி அழுகுற. கல்யாணமாகி வந்த நாள்லருந்து ரெண்டு கொடத்தச் சொமந்து இந்த மேட்ட ஏறுறேனே, என் மேல எவ்ளோ கனம்னு எவளாச்சும் ஒருத்தி கையி வச்சுப் பாத்தாளா? நீ பாத்தியா?"

நான் பாக்கல. அவுக ஏறுறத தெனமும் பாத்திருக்கேன், ஆனா பாக்கல. பட்டாணிய இழுத்து அணைக்கப் பாத்தேன், நான்தான் அது பக்கம் இழுபட்டேன்.

அடுத்த தண்ணி நாள் எஸ்தர் அக்கா முறை. அதுக்கு முன்ன முறை மொனைவீட்டுக்கு. காலையில மொனையிலருந்து வண்டியத் தள்ளிக்கிட்டு வாறாக, அண்ணாச்சி ஒரு பக்கம், முத்துராசு அண்ணன் ஒரு பக்கம், நான் பின்னாடி. எல்லார் வீட்டுக் கொடமும் வாசல்ல. நடுத்தெருவுல, முத்துராசு அண்ணன் வீட்டுக்கு நேரா, வண்டியோட அச்சு மளுக்குன்னு முறிஞ்சுச்சு. பட்டாணி சறுக்கித் தரையில விழுந்துச்சு. விழுந்த எடத்துல ரோடு பொளந்துச்சு, பொளந்து, எருமை சேத்துல எறங்குற மாதிரி மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு ஆள் நெஞ்சு ஆழத்துக்கு உள்ள எறங்குச்சு. கத்தல. மேல பாத்துச்சு. ரெண்டு காது மட்டும் வெறச்சுக்கிட்டு.

அந்த நேரம் பாத்து தண்ணி தொறந்தாக.

ரோட்டுக்கு அடியில போற கொழாய் குழிக்குள்ள வளஞ்சு ஒடஞ்சிருக்கு. மொனைத் தண்ணி, நடுத்தண்ணி, பூராத் தண்ணியும் பட்டாணியத் தேடி வந்துச்சு, குழிக்குள்ள பீச்சி அடிச்சுச்சு. தெருவுல இருக்க அத்தன பேரும் "தண்ணீ!"ன்னு சந்தோசத்துல கத்துனாக, கொடத்தத் தூக்கிட்டு ஓடியாந்தாக, ஓடியாந்து எட்டிப் பாத்தாக. தண்ணி பட்டாணி வயித்துல நின்னுச்சு. நெஞ்சுல நின்னுச்சு. நான் உள்ள குதிச்சேன், ரெண்டு கையும் வயித்துக்கு அடியில குடுத்துத் தூக்குனேன், சாத்தூரையே தூக்குற மாதிரி இருந்துச்சு, அசையல. தாடைய மட்டும் ஏந்திப் பிடிச்சேன். கழுத்துல நின்னுச்சு.

"வால்வ அடைங்க! யாராச்சும் வால்வ அடைங்க!"

வால்வு மொனையில, அண்ணாச்சி கடைப் பக்கத்துல, கல்லுக்கு அடியில. ஆனா தெருவே இப்ப குழியப் பாத்துச் செங்குத்தாச் சாஞ்சு கெடக்கு, மொனைக்குப் போறதுன்னா செவுத்துல ஏறுற மாதிரி. அண்ணாச்சி ஓடுனாரு, சறுக்கிக்கிட்டே திரும்பி வந்தாரு. முத்துராசு அண்ணன் சாரம் ஏறுற ஆளு, அவரே பாதி ஏறி உருண்டு வந்தாரு. நான் பாத்தா குழி ஓரத்துல எஸ்தர் அக்கா நிக்கிறாக. இடுப்புல ஒரு கொடம், தலையில ஒரு கொடம். இன்னைக்கு அவுக முறை. வீட்ல டிரம்மு காலி, ஊறப்போட்ட அரிசி களையாமக் கெடக்கு, அடச்சுட்டா அடுத்த வாரம்தான். என்னைப் பாத்தாக. தண்ணியப் பாத்தாக. பட்டாணி மூக்க மட்டும் மேல தூக்கிக்கிட்டு, அந்த நேரத்துலயும், அவுக தலையில இருந்த கொடத்தப் பாத்துக் காத வெறச்சுச்சு.

"அடப் போங்கடி"ன்னு ரெண்டு கொடத்தையும் தூக்கி எறிஞ்சாக.

சேலைய வரிஞ்சு கட்டிட்டு ஏறுனாக. வேகமா ஏறல, ஓடல, இத்தன வருசம் எப்டி ஏறுவாகளோ அப்டியே, ஒடம்ப முன்னால சாச்சு, காலப் பக்கவாட்டுல ஊனி, மூச்ச எண்ணி விட்டு ஏறுனாக. யாரோ "பாத்துக்கா, செங்குத்தா இருக்கு"ன்னு கத்துனாக. "எனக்கு இந்தத் தெரு என்னைக்குடா சமமா இருந்துச்சு?"ன்னு திரும்பாமலே கேட்டாக. மொனைக்குப் போயி கல்லப் பொரட்டி, கம்பிய விட்டு, திருகுனாக. தண்ணி பட்டாணியோட மூக்கு ஓட்டையத் தொட்டுச்சு, ஒரு குமிழி விட்டுச்சு, நின்னுச்சு.

அப்பறம் முத்துராசு அண்ணன் கொடத்தக் குழிக்குள்ள விட்டு மொண்டாரு. அண்ணாச்சி மொண்டாரு. எல்லாரும் மொண்டு, பக்கத்துல நிக்கிறவுக கையில குடுத்து, அவுக அடுத்தவுக கையில குடுத்து, தண்ணி கை மாறி கை மாறி மேட்டுல ஏறுச்சு. யாரும் சொல்லல, யாரும் முறை பேசல, மொதக் கொடம் எஸ்தர் அக்கா டிரம்முக்குத்தான் போச்சு. தண்ணி எறங்க எறங்க பட்டாணியோட கழுத்து தெரிஞ்சுச்சு, நெஞ்சு தெரிஞ்சுச்சு, நனஞ்ச தீக்குச்சிக் காலு நாலும் தெரிஞ்சுச்சு.

வெளிய தூக்கத்தான் முடியல. கிரேன்காரர் வந்து பாத்துட்டு, "இது அதுவா ஏறுனாத்தான் உண்டு"ன்னு போயிட்டாரு. கொழாய ஒட்டுப் போட்டாக, குழிக்கு மேல தார்ப்பாய் கட்டுனாக, முத்துராசு அண்ணன் உள்ள ஒரு சரிவு வெட்டி அதுல நடக்க எடம் பண்ணாரு. தெருவே குழியச் சுத்தி உக்காந்துச்சு. எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கிட்டு உக்காந்தாக! இதான், இதத்தான் நாய் வச்சிருக்க எல்லாருக்கும் சொல்லுவேன்: தனித்தனியா வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு போட்டவுக, இப்ப எதிருக்கெதிரா உக்காந்திருக்காக, யார் கையி மடிக்குப் போனாலும் எதிர்ல இருக்கவுக கண்ணு அங்க போகுது. "அண்ணாச்சி, பையில என்ன?" "வெத்தலடே." "எங்க காட்டுங்க." எஸ்தர் அக்காதான் டம்ளர்ல தலை தட்டி அளந்தது, மாவு விக்கிற கையி, ஒரு பருக்கை கூடாது. அண்ணாச்சி வெள்ளரிக்காவக் காசு மாதிரி வட்டமா அறுத்துக் கொண்டாருவாரு, பட்டாணி மொத மூணு நாளும் அத மோந்துட்டு அவர ஒரு பார்வ பாத்துச்சு, மனுசன் கண்ணு கலங்கி எந்திரிச்சுப் போயிட்டாரு. நாலாம் நாள் நறுக்குன்னு கடிச்சுச்சு.

சரிவுல மொதல்ல ஒரு எட்டு. அப்பறம் ஒரு சுத்து. எனக்கு ஒவ்வொரு நாளும் பயம். மூச்சு வாங்குனா பயம், வாங்காமப் படுத்திருந்தா அதவிடப் பயம், நான் வேல பாக்குற மெடிக்கல் ஷாப்புல மாத்திரை எடுத்துக் குடுக்கிறப்பயும் அதே நெனப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் ஓடியாந்து குழிக்குள்ள எறங்கி விலாவத் தடவுவேன். உள்ளங்கை. உள்ளங்கை. உள்ளங்கை. எல்லாரும் மேலருந்து என் மொகத்தப் பாப்பாக, நான் தலைய ஆட்டுவேன், பெருமூச்சு விடுவாக. ஆனா செங்கல் ஒண்ணொண்ணா கட்டில் காலுக்கு அடியிலருந்து வெளிய வந்துச்சு. அண்ணாச்சி ஓட்டுத்துண்ட எடுத்து வீசுனாரு. குழியோட தரை, யாரும் மண்ணு போடாமலே, கொஞ்சங்கொஞ்சமா மேல வந்துச்சு.

ஒருநா தடவுறேன், விரலுக்கு அடியில வரிவரியா என்னமோ ஓடுது. என் கையோட பின்பக்கத்தத் தடவிப் பாத்தேன். மறுபடி அதத் தடவுனேன். "எக்கா!"ன்னு கத்துனேன் பாருங்க, மேல இருந்தவுக பதறிட்டாக, செத்துப்போச்சுன்னே நெனச்சுட்டாக. அப்பறம் ஒவ்வொருத்தரா எறங்கித் தடவிப் பாத்தாக. எஸ்தர் அக்கா தடவுனது ரொம்ப நேரம். நான் அவுக தோளுல கைய வச்சேன். கொடம் சொமந்து சொமந்து ஒரு பக்கம் எறங்கிப்போன தோளு. கல்லு மாதிரி இருந்துச்சு. அவுக கையத் தட்டி விடல.

அடுத்த தண்ணி நாள். தெரு பழையபடி மேட்டுத்தெரு ஆயிருச்சு, காலையிலயே ஒரு எலுமிச்சம்பழம் ஒழுங்கா பள்ளத்தப் பாத்து உருண்டுச்சு. அண்ணாச்சி அவரு கொழாயில ஒரு நீள ஓஸ மாட்டி மேட்டுக்கு இழுத்துட்டு வந்தாரு.

"இந்த ஓஸு இத்தன வருசமா எங்க இருந்துச்சு அண்ணாச்சி?"ன்னு எஸ்தர் அக்கா கேட்டாக.

"கடையிலதான் தாயீ இருந்துச்சு"ன்னு அண்ணாச்சி தலையக் குனிஞ்சாரு.

அந்த ஓஸும் முத்துராசு அண்ணன் வீடு வரைக்குந்தான் எட்டுச்சு. அங்கருந்து கொடம், கை மாறி கை மாறி. நான் எங்க கொழாய சும்மா ஒரு திருகு திருகுனேன்.

உஸ்ஸ்ஸ்.

குழிக்குள்ள ஒரு அசைவு. ரெண்டு காது தெரிஞ்சுச்சு, மறஞ்சுச்சு. மறுபடி தெரிஞ்சுச்சு, மூக்கோட தெரிஞ்சுச்சு. எல்லாரும் கொடத்த அப்டியே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாக. மூணாவது எம்புல பட்டாணி முழுசா வெளிய வந்துச்சு, வந்த வேகத்துல தெருவெல்லாம் ஒரே பாய்ச்சல், கொழாய்க்கிட்ட வந்து ஒரு எம்பு, இடுப்பு உயரம், இன்னொரு எம்பு, எஸ்தர் அக்கா கொண்டை உயரம்!

எங்க அம்மா அழுதா. எஸ்தர் அக்கா சிரிச்சாக, சிரிச்சுக்கிட்டே எதார்த்தமா அவுக கையி இடுப்பு மடிக்குப் போச்சு. மடியில அண்ணாச்சி கடைப் பொட்டலம். ஒரே ஒரு சேவு எடுத்தாக. பட்டாணி ஒடனே பின்னங்கால்ல நின்னு ஒரு சுத்துச் சுத்துச்சு. தெரு பூரா, மொனையிலருந்து மேடு வரைக்கும், கொடமும் கையுமா அந்த ஒத்தச் சேவையே பாக்குது. எஸ்தர் அக்கா பட்டாணியப் பாத்தாக, எங்களப் பாத்தாக, சேவ வாயில போட்டாக, மென்னாக, யோசிச்சாக.

"என்ன பாக்குறீக எல்லாரும்? உப்பு சரியா இருக்கு"ன்னாக.

பட்டாணி ஒரு நொடி அவுக வாயையே பாத்துச்சு. அப்பறம் கொழாய் உஸ்ஸுன்னுச்சு, அது எம்பப் போயிருச்சு.